சிவிங்கி போன வழி

ஒட்டகச்சிவிங்கி என்று சொல்லத் தெரியாத தமிழ்க் குழந்தை கிடையாது. படப் புத்தகத்தில் அந்த நீண்ட கழுத்தைக் கண்ட மாத்திரத்தில் பெயரைச் சொல்லிவிடும். "ஒட்டகம் சரி, சிவிங்கி என்றால் என்ன?" என்று அதே குழந்தை திருப்பிக் கேட்டால்தான் ஆபத்து. நம்மில் பத்துக்கு ஒன்பது பேர், "போய்ப் பாடத்தைப் படி" என்று சொல்லித் தப்பித்துக் கொள்வோம்.

சிவிங்கி என்பதும் ஒரு மிருகந்தான். மெலிந்த உடம்பு, சிறிய தலை, நீண்ட கால்கள், மஞ்சள் தோலில் கறுப்புப் பொட்டுகள், அழுத கண்ணீர் காய்ந்தது போலக் கண்ணோரத்திலிருந்து வாய்வரை இறங்கும் ஒரு கறுப்புக் கோடு. சிறுத்தை வேறு, இது வேறு. சிறுத்தை பதுங்கும், மரம் ஏறும். சிவிங்கியோ வெட்டவெளியில் ஓடிப் பிழைக்கும் ஜாதி. தரையில் ஓடும் பிராணிகளில் அதை மிஞ்சியது எதுவும் இல்லை. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் சில நூறு கஜம் பாயும். அதற்குள் மான் அகப்படாவிட்டால், "போனால் போகட்டும்" என்று மூச்சு வாங்க உட்கார்ந்துவிடும்.

ஆப்பிரிக்காவின் நெடுங்கழுத்துப் பிராணிக்குக் கிரேக்கர்கள் பெயர் வைத்தபோது, ஒட்டகத்தின் உருவத்தையும் சிறுத்தையின் புள்ளிகளையும் ஒன்றாகச் சேர்த்து வைத்தார்கள். விஞ்ஞானிகள் இன்றும் அதற்கு வழங்கும் லத்தீன் பெயர் அதிலிருந்து வந்ததே. அதைத் தமிழாக்கிய புண்ணியவான் யாரோ, புள்ளிகளுக்குச் சிவிங்கியைத் தேர்ந்தெடுத்தார். தெரியாத ஒன்றை விளக்கத் தெரிந்த ஒன்றைத்தானே காட்டுவார்கள்? அவர் காலத்துத் தமிழர்களுக்குச் சிவிங்கி தெரிந்த மிருகமாக இருந்திருக்க வேண்டும். இன்று நிலைமை தலைகீழ். உவமேயம் இருக்கிறது, உவமானம் போய்விட்டது!

இந்த ஆராய்ச்சியெல்லாம் கதை எழுதுகிறவனுக்கு எதற்கு என்று வாசகர்கள் கேட்கலாம். எல்லாம் என் அண்ணன் மகளால் வந்தது. சென்னையில் உத்தியோகம் பார்க்கும் அவள், கணவனையும் இரண்டு பிள்ளைகளையும் அழைத்துக் கொண்டு ஆப்பிரிக்காவுக்குப் போய்ச் சிங்கமும் யானையும் பார்த்து வருவதென்று தீர்மானித்தாள். யாத்திரைத் திட்டம் போட்டுக் கொடுக்கும் பொறுப்பைத் திருவண்ணாமலையில் இருக்கும் என் தலையில் கட்டினாள்.

"நீங்கதானே சித்தப்பா வீட்டிலே சும்மா இருக்கீங்க" என்றாள். நாவல் எழுதுவது ஒரு வேலை என்பதை எங்கள் குடும்பத்தில் இன்னும் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

திட்டம் போடுவது காசி யாத்திரைக்கு நாள் பார்ப்பதைவிடக் கடினமான காரியந்தான். கென்யா, டான்ஸானியா என்ற இரு நாடுகளின் எல்லையில் மசாய் மாரா, ஸெரெங்கெட்டி என்று இரண்டு பெரிய வனப் பிரதேசங்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. நூ என்று சொல்லப்படும் மாட்டு முகத்து மான்கள் பதின்மூன்று லட்சத்துக்கும் மேல், வரிக்குதிரைகள் புடைசூழ, புல்லையும் மழையையும் தேடி இந்த இரண்டிடங்களிலும் வருஷம் பூராவும் வட்டமாகச் சுற்றி வருகின்றன. நம்மூர்க் கிரிவலம் மாதிரியேதான். பௌர்ணமி மட்டும் கணக்கில்லை. ஜனவரியிலிருந்து மார்ச் வரை தெற்கே குட்டி போடும் காலம். ஏப்ரலும் மே மாதமும் பெருமழை; வண்டி சேற்றில் அழுந்தும். ஜூலையிலிருந்து அக்டோபர் வரை மாரா நதியைக் கடக்கும் காலம். கரையில் முதலைகள் காத்திருக்கும். உலகத்தார் கூடும் பருவம் அதுதான். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட விடுமுறையோ மே மாதத்தில்! இந்த ஒரு சிக்கலைத் தீர்ப்பதற்குள் ஒரு நாவலின் நான்கு அத்தியாயங்களை முடித்திருக்கலாம்.

அப்புறம் மஞ்சள் காய்ச்சல் ஊசி. பிரயாணத்துக்குப் பத்து நாள் முன்பாவது அதைப் போட்டுக்கொண்டு சான்றிதழ் வாங்கிவிட வேண்டும். சென்னை கிண்டியில் கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். ஒரு முறை போட்டால் ஆயுளுக்கும் போதும் என்று 2016-லிருந்து சர்வதேச விதி. சான்றிதழ் இல்லாமல் திரும்பி வந்தால் நம் நாட்டு விமான நிலையத்திலேயே பிடித்து ஆறு நாள் வரை தனியே வைத்துவிடுவார்கள்.

பிள்ளைகளுக்கென்று ஸ்வாஹிலி பாஷையில் நாலு வார்த்தையும் எழுதிக் கொடுத்தேன். ஸபாரி என்றால் பிரயாணம். அரபியில் பிரயாணத்தைக் குறிக்கும் ஸபர் என்ற சொல்லிலிருந்து வந்தது. சிங்கத்துக்கு ஸிம்பா. ஒட்டகச்சிவிங்கிக்கு ட்விகா. சிவிங்கிக்கு டூமா. அங்கே சுற்றுலா போகிற வெள்ளைக்காரர்களுக்கு டூமா என்றால் தெரியாது, 'சீட்டா' என்பார்கள். சீட்டா என்பது ஹிந்திச் சொல். அதற்கு மூலம், புள்ளிகள் உடையது என்று பொருள்படும் ஸம்ஸ்கிருதச் சொல்.

இதைப் படித்துவிட்டு அண்ணன் மகள் டெலிபோனில் கேட்டாள்: "பேரு நம்ம நாட்டுப் பேரா இருக்கு. அப்போ அது இங்கேயும் இருந்திருக்கணுமே சித்தப்பா? எங்கே போச்சு?"

நியாயமான கேள்வி. போன வழியைத் தேடிப் புறப்பட்டேன்.

முதலில் கிடைத்தது மொகலாயர் அரண்மனை. ராஜாக்கள் வேட்டைக்கு நாய் வளர்ப்பது போலச் சிவிங்கியையும் பழக்கி, கண்ணைக் கட்டி, மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார்கள். மான் கூட்டத்தைக் கண்டதும் கட்டை அவிழ்த்துவிட்டால் மீதியை அது பார்த்துக் கொள்ளும். அக்பர் பாதுஷா ஒரு சமயம் 1,000 சிவிங்கிகளைச் சேர்த்து வைத்திருந்ததாக அவர் மகன் ஜஹாங்கீர் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். ஆயிரம் இருந்து என்ன பிரயோஜனம்? அடைத்து வைத்த இடத்தில் அவை குட்டி போடவில்லை. ஜஹாங்கீர் காலத்தில் ஒரே ஒரு தடவை மூன்று குட்டிகள் பிறந்தன. அதை அதிசயமாக எழுதி வைத்தார். மனிதன் வளர்க்கும் இடத்தில் சிவிங்கி மறுபடியும் குட்டி போட்டது 1956-ல், அமெரிக்காவில் பிலடெல்பியா மிருகக்காட்சி சாலையில். இடையில் முந்நூறு வருஷங்களுக்கு மேல், ஒவ்வொரு சமஸ்தானத்துச் சிவிங்கிக் கொட்டிலையும் காட்டிலிருந்து பிடித்து வந்துதான் நிரப்ப வேண்டியிருந்தது. வட்டியே கிடைக்காமல் முதலை எடுத்துச் செலவு செய்த குடும்பத்தின் கதைதான்.

நம் சென்னைப் பட்டணத்துக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 1755 முதல் 1763 வரை சென்னையில் கவர்னராக இருந்த ஜார்ஜ் பிகட், இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜுக்கு ஒரு சிவிங்கியைக் காணிக்கையாகக் கொடுத்தார். கூடவே அதைப் பழக்கத் தெரிந்த இந்தியர்களும் இருந்தார்கள். 1764-ல் வின்ட்ஸர் தோட்டத்தில் ஒரு கலைமானின் மேல் அதை ஏவி வேடிக்கை பார்த்தார்கள். கலைமான் கொம்பைக் காட்டிச் சிவிங்கியை விரட்டிவிட்டது! ஜார்ஜ் ஸ்டப்ஸ் என்ற பெரிய சித்திரக்காரர் அந்தக் காட்சியைத் தீட்டினார். வெள்ளை உடையும் தலைப்பாகையுமாக இரண்டு இந்தியர்கள், நடுவே சிவிங்கி, எதிரே மான். படம் இன்றும் மான்செஸ்டர் நகரத்துக் கலைக்கூடத்தில் இருக்கிறது. கடல் தாண்டி, குளிர் நாட்டில், தங்கள் ஊர் மிருகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும் அந்த இருவருடைய முகங்களை நினைக்கும்போதெல்லாம் ஒரு நாவல் எழுதலாம் போலிருக்கிறது.

பின்னால் வந்த வெள்ளைக்கார அதிகாரிகளுக்குச் சிவிங்கி வேட்டைத் துணையாகப் படவில்லை, தொல்லையாகப் பட்டது. 1870-களிலிருந்து அதைக் கொன்று தோலைக் காட்டினால் சர்க்கார் பரிசுப் பணம் கொடுத்தது. அது என்ன குற்றம் செய்தது என்று பார்த்தால், ஆட்டுக்குட்டியைத் தூக்கியிருக்கும். நம் நாட்டுச் சரித்திரத்தில் சிவிங்கியால் மனிதர் இறந்ததாகப் பதிவாகியிருப்பது ஒரே ஒரு சம்பவம். 1880-ல் விசாகப்பட்டினம் பகுதியில், ஒரு மகாராஜாவின் பழக்கிய சிவிங்கி வேட்டையின்போது ஓர் ஆங்கில அதிகாரியைத் தாக்கியது. மற்றபடி அது சாது. சென்னை ராணுவத்தில் வைத்தியராக இருந்து, 1867-ல் இந்திய மிருகங்களைப் பற்றிப் பெரிய புத்தகம் எழுதிய ஜெர்டன் என்பவர், ஒரு குட்டியை வேட்டை நாய்க்குட்டிகளோடு சேர்த்து வளர்த்தார். அது நாயைப் போலவே அவர் பின்னால் வரும்.

கடைசிக் கட்டம் சுருக்கமானது. 1947-ல் மத்திய இந்தியாவில் கொரியா சமஸ்தானத்து மகாராஜா, ஒரே இரவில் மூன்று சிவிங்கிகளைச் சுட்டார். தேசம் சுதந்திரம் அடைந்த வருஷம். 1952-ல், இந்தியாவில் சிவிங்கி அற்றுப்போய்விட்டது என்று சர்க்கார் அறிவித்தது. அதே 1952-ல் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் சஞ்சிகையில் ஒரு சின்னக் குறிப்பு வந்தது. சென்னை ராஜ்யத்தைச் சேர்ந்த சித்தூர் ஜில்லாவில் ஒரு சிவிங்கி தென்பட்டது என்று.

சித்தூர்! இதைப் படித்தபோது எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றேன். வேலூர் வழியாகப் போனால் எங்கள் ஊரிலிருந்து ஏறக்குறைய 120 கிலோமீட்டர். அதே வறண்ட பூமி. அதே கள்ளியும் வேலமும் காரைப் புதரும். பாறைக் குன்றுகளுக்கு நடுவே அதே வெட்டவெளி. இதே மண்ணில் 1767 செப்டம்பரில் ஹைதர் அலியின் படையும் கர்னல் ஜோஸப் ஸ்மித்தின் படையும் மோதிக் கொண்டன. திருவண்ணாமலை யுத்தம் என்றே சரித்திரத்தில் அதற்குப் பெயர். பல்லாயிரம் குதிரைகள் ஓடுவதற்கு இடம் இருந்த பூமி என்றால், வெளிமான் ஓடுவதற்கும் அதன் பின்னால் சிவிங்கி ஓடுவதற்கும் தோதான பூமி என்றுதானே அர்த்தம்?

இங்கேதான் எனக்கு ஒரு விஷயம் விளங்கியது. புலி பிழைத்தது, யானை பிழைத்தது, சிறுத்தை பிழைத்தது, சிவிங்கி மட்டும் ஏன் போயிற்று? துப்பாக்கி எல்லாருக்கும் பொதுதானே? புலிக்கும் யானைக்கும் ஒளிந்துகொள்ள மலைக்காடு இருந்தது. 1882-ல் சென்னை வனச் சட்டம் வந்தபோது சர்க்கார் எதைக் காப்பாற்றியது? மரம் உள்ள இடத்தை. தேக்கும் ஈட்டியும் விற்றால் பணம். புல்லும் புதருமான வெட்டவெளியில் வெட்டி விற்க என்ன இருக்கிறது? ரெவின்யூ கணக்கில் அதற்குத் 'தரிசு' என்று பெயர் எழுதினார்கள். தரிசு என்று ஒரு தடவை கணக்கில் ஏறிவிட்டால் அந்த நிலத்துக்குக் கேள்வி முறை கிடையாது. உழுவதற்குக் கொடுக்கலாம், கல் உடைக்கலாம், மனை போடலாம். சிவிங்கியைக் கொன்றதில் பாதிப் பங்கு துப்பாக்கிக்கு என்றால், மறு பாதி கர்ணத்தின் பேனாவுக்கு.

ஸெரெங்கெட்டி என்பதற்கு மசாய் மக்களின் பாஷையில் முடிவில்லாத சமவெளி என்று பொருள். அங்கேயும் பெரும் பகுதி நமது தரிசைப் போன்ற புல்வெளிதான். வெள்ளைக்காரர்கள் அங்கேயும் சுட்டுத் தள்ளினார்கள். ஆனால் 1951-ல் அதைத் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். 1961 செப்டம்பரில், டாங்கனிக்கா சுதந்திரம் அடைவதற்கு மூன்று மாதம் முன்பு, ஜூலியஸ் நைரேரே அரூஷா நகரத்தில் ஓர் அறிக்கை விட்டார். காட்டு விலங்குகளைத் தங்கள் பேரன் பேத்திகளுக்காகக் காப்பாற்றுவதாக அந்த ஏழை தேசத்தின் பெயரால் உலகத்துக்கு வாக்குக் கொடுத்தார். பசி தீராத தேசம் முதலில் கொடுத்த வாக்குகளில் அது ஒன்று என்பதை எண்ணும்போது கை கூப்பத் தோன்றுகிறது.

கை கூப்பிய கையோடு மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். அந்தச் சமவெளியில் மாடு மேய்த்து, மிருகங்களுக்கு நடுவே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மசாய் மக்களை 1959-ல் பூங்காவுக்கு வெளியே அனுப்பிவிட்டார்கள். இடத்துக்குப் பெயர் கொடுத்தவர்களுக்கு இடம் இல்லை. "வண்டியில் போகும்போது பிள்ளைகளுக்கு இதையும் சொல்லு" என்று அண்ணன் மகளுக்கு எழுதினேன்.

நம் தேசமும் சும்மா இருக்கவில்லை. இழந்ததைத் திரும்பப் பெற ஐம்பது வருஷம் பேச்சு நடந்தது. 1970-களில் ஈரானோடு பேசினார்கள், நடக்கவில்லை. ஆசியச் சிவிங்கி இன்று ஈரானில் மட்டும், அதுவும் கை விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் மிஞ்சியிருக்கிறது. கடைசியில் 2022 செப்டம்பர் 17-ஆம் தேதி நமீபியாவிலிருந்து 8 சிவிங்கிகள், ஆகாய விமானத்தில், மத்தியப் பிரதேசத்துக் குனோ வனத்துக்கு வந்து சேர்ந்தன. 2023 பிப்ரவரியில் தென்னாப்பிரிக்காவிலிருந்து இன்னும் 12. அவற்றில் சில இறந்தன; அங்கே குட்டிகளும் பிறந்தன. பலன் என்ன ஆகும் என்பதைக் காலந்தான் சொல்ல வேண்டும். ஒன்று மட்டும் நிச்சயம். ஒரு மிருகத்தை இழப்பதற்கு ஓர் இரவு போதும். திரும்ப அழைக்க எழுபது வருஷமும் இரண்டு தேசங்களின் தயவும் வேண்டியிருக்கின்றன.

அப்படியானால் எங்கள் ஊரில் என்னதான் மிச்சம்? ரமண மகரிஷி 1922 வரை இந்த மலையில் வாசம் செய்தார். மலையிலும் அடிவாரத்திலும் சிறுத்தை நடமாடியதை அவருடைய அடியார்கள் எழுதிய நூல்களில் காணலாம். அவர் ஆசிரமத்தில் ஒரு பசுவுக்கும், மானுக்கும், நாய்க்கும், காக்கைக்கும் பக்கத்துப் பக்கத்தில் சமாதி இருக்கிறது. பிறகு மலை மொட்டையாகி, கோடைதோறும் புல் பற்றி எரிந்து, சில அன்பர்கள் வருஷக்கணக்காகக் கன்று நட்டுத் தண்ணீர் ஊற்றியதில் இப்போது மறுபடியும் பசுமை தெரிகிறது. கிரிவலப் பாதையை ஒட்டிய காட்டில் மான்களைப் பார்க்கலாம்.

யானையும் வந்தது. 2013 ஆகஸ்டில் இந்த மாவட்டத்துக் காடுகளில் சுற்றிக் கொண்டிருந்த 6 யானைகளை, கும்கிகளின் உதவியோடு மயக்க ஊசி போட்டுப் பிடித்து, லாரியில் ஏற்றி முகாம்களுக்கு அனுப்பினார்கள். கரும்பையும் நெல்லையும் பறிகொடுத்த விவசாயி நிம்மதிப் பெருமூச்சு விட்டான். அவனைக் குறை சொல்ல நான் யார்? ஆனாலும், யானையைப் பார்க்க நாம் கடல் தாண்டிப் போகிறோம், நம்மைத் தேடி வந்த யானையை லாரியில் ஏற்றுகிறோம் என்பதை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, சிரிப்பு அல்லாததும் வருகிறது.

சிவிங்கியின் இரையான வெளிமானாவது தமிழ்நாட்டில் பிழைத்திருக்கிறது. சென்னைப் பட்டணத்துக்கு நடுவில், மூன்று சதுர கிலோமீட்டர்கூட இல்லாத கிண்டிப் பூங்காவில் இருக்கிறது. 1967-ல் சரணாலயமான கோடியக்கரையில் இருக்கிறது. திருநெல்வேலிக்கும் தூத்துக்குடிக்கும் இடையே வல்லநாட்டில் இருக்கிறது. துரத்த ஆள் இல்லாவிட்டாலும் இன்றும் அது பழைய வேகத்தில்தான் ஓடுகிறது. லட்சக்கணக்கான வருஷம் சிவிங்கி கற்றுக் கொடுத்த ஓட்டம் அல்லவா?

யாத்திரைத் திட்டம் ஒருவாறு முடிந்தது. ஜூலையில் பத்து நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு மும்பை வழியாக நைரோபி, அங்கிருந்து மாரா. நைரோபி ஊர் எல்லையிலேயே 1946-ல் ஏற்பட்ட ஒரு பூங்கா உண்டு. சிங்கத்துக்குப் பின்னால் மாடி வீடுகள் தெரியும். அதற்கும் ஒரு நாள் ஒதுக்கினேன்.

திட்டத்தை அனுப்பும்போது கீழே ஒரு வரி சேர்த்தேன்: "புறப்படுவதற்கு முன் பிள்ளைகளைக் கிண்டிக்குக் கூட்டிப் போய் வெளிமானைக் காட்டு. இங்கே வந்தால் செங்கம் ரோட்டுக்கு நான் அழைத்துப் போகிறேன்."

"செங்கம் ரோட்டிலே பார்க்க என்ன சித்தப்பா இருக்கு? வெறும் தரிசுதானே?" என்று பதில் வந்தது.

அந்த வெறும் தரிசில் காடையும் கௌதாரியும் முயலும் கீரியும் இருக்கின்றன. நடுநடுவே மஞ்சள் வர்ணம் பூசிய மனைக் கற்களும் நட்டிருக்கின்றன. போன தடவை நடந்து போனபோது எண்ணியதைவிட இந்தத் தடவை கற்கள் அதிகம். பிள்ளைகள் ஜூலைக்கு முன்னாலேயே வந்தால் தேவலை.